நானூற்றுப் பத்து கிராம்

மாவட்டக் கலைக்களஞ்சியம், இரண்டாம் தொகுதி.
கொடுமுடி வரை மெய்ப்புத் திருத்தியிருந்தேன்.
சென்னியப்பன் வந்து
பெருந்துறை ஆஸ்பத்திரிச் சீட்டை
மேசையில் வைத்தார்.
'கோகிலவாணியின் பேபி. இருபத்து மூன்று வாரம்.'
பெயர் இன்னும் வைக்கவில்லை.

"மண்டியில சாம்பிளுக்கு அள்ளுற மஞ்சளே
இதுக்கு மேல நிக்குமுங்க.
இவளையும் ஒரு ஓரமாப் போடுங்க."

குழு கூடியது.
என்ன சாதித்தது இந்தப் பிள்ளை
என்று கேட்டார் தலைவர்,
பாட்டனாருக்கு ஒன்றரைப் பக்கம் வாங்கியவர்.
டாக்டரைப் போடலாம் என்றார் ஒருவர்.
சேலத்தில் இதைவிடச் சிறுசு
பிழைத்ததாமே என்றார் இன்னொருவர்.

வேண்டாமென்று நானும் கை தூக்கினேன்.
நாளைக்கு அவள்
லாரி ஓட்டினாலும் வழக்காடினாலும்
பள்ளியில் தோற்றாலும்
இந்த நானூற்றுப் பத்து
முன்னால் வந்து நிற்குமே.
இதைச் சபையில் சொல்லவில்லை.
எந்த எழுத்தில் சேர்ப்பது என்று மட்டும் கேட்டேன்.
சிரித்தார்கள்.

அச்சுக்குப் போகிற இரவு போன் வந்தது.
"போடாட்டிப் போகுதுங்க.
விடிய விடிய அழுகறா,
பக்கத்து வீட்டுல சடைச்சுக்கறாங்க."

கொடுமுடியில் ஒரு காற்புள்ளியை எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.