மரத்துக்கு இரு பக்கமும்

இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கம்பம்,
அதில் கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு கண்.
சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதை
அந்த இடத்தில் ஒற்றைப் பலகையாகிறது.
வடக்கே போகிற எவரும்
அதன் முன்னால் வந்துதான் ஆகவேண்டும்.
பலர் கம்பத்தைப் பார்ப்பதே இல்லை.
பார்த்த சிலர் அதில் காலுறை காயப்போடுகிறார்கள்.
அந்த நேரம் முழுக்கப் பூச்சியம்.

ஆண்டுக்கு ஒருநாள் அதை நான் சோதிக்க வேண்டும்.
குட்டைப் பிர்ச் மரங்களுக்குப் பின்னால்
கொசுவலைத் தொப்பியோடு எட்டு மணி நேரம்.
அது எண்ணுவதை நானும் எண்ணுவேன்,
உள்ளங்கையில் ஒரு சொடுக்கியோடு.

இந்த ஜூலையில் கம்பம் சொன்னது ஐம்பது.
நான் சொன்னது நாற்பத்து நான்கு.

எங்கே இடிக்கிறது என்று பார்த்தேன்.
குவளையை மறந்து திரும்பி ஓடி
மறுபடி வந்த டென்மார்க் பெண் இரண்டு கூட்டினாள்.
கலைமான்கள் மூன்று,
மனிதரைவிட ஒழுங்கான வரிசையில்.
ஒதுங்கப் போய்வந்த நான் இரண்டு.
ஒற்றைப் பலகையிலும் பிடிவாதமாய்
தோள் உரச நடந்த ஒரு ஜோடி
இருவருமாகச் சேர்ந்து ஒருவர்.
அப்பாவின் முதுகில் தூங்கிய குழந்தை
கம்பத்தைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை.
கூட்டிக் கழித்தும் ஒன்று மிஞ்சியது.
மேகம் விலகி, பலகை சட்டென்று சூடாகியிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

லூலியோ அலுவலகத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு:
திருத்தக் காரணி.
இந்தப் பருவம் முழுக்க இவ்வழி நடக்கும் ஒவ்வொருவரும்
பூச்சியம் புள்ளி எட்டு எட்டு ஆள்.
நூற்றில் மீதிப் பன்னிரண்டை
அவரவர் சதுப்பிலேயே விட்டுப்போகலாம்.
குறை சொல்லவில்லை.
விறகு எத்தனை கட்டு, கழிப்பறை எத்தனை,
புதுப் பலகை எத்தனை மீட்டர்,
எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது.
பலகை வராவிட்டால் பாசி மிதிபட்டுச் சேறாகும்.

ரிஸ்டெனின் மந்தை அந்தச் சரிவில்தான் மேய்கிறது.
வேலைக்கு வந்த புதிதில் அவளிடம் கேட்டேன்,
மொத்தம் எத்தனை மான் வைத்திருக்கிறாய் என்று.
அங்கே அப்படிக் கேட்கக் கூடாதாம்;
அடுத்தவர் வங்கிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பது போல.
கத்தியைத் துடைத்து உறையில் போட்டபடி
"மரத்துக்கு இரு பக்கமும் இருக்கின்றன" என்றாள்.

செப்டம்பர் கடைசியில் போலீஸ் கூப்பிட்டது.
ஃப்ரீஸ்லாந்துக்காரர், பெயர் வீபெ, வயது ஐம்பத்தொன்று.
இருபத்திரண்டாம் தேதி உங்கள் கம்பத்தைக் கடந்தாரா?
பதிவைத் திறந்தேன்.
மாலை 4:52. வடக்கே: ஒன்று.
தெற்கே: பூச்சியம்.
அன்று முதல் பனி.
நாள் முழுவதற்கும் இருந்தது அந்த ஒன்றுதான்.

மானாகவும் இருக்கலாம் என்றேன்.
இணைப்பில் இன்னொரு குரல், ஒரு பெண்,
அதுவரை பேசாதவள், கேட்டாள்:
உயரம் காட்டுமா?
காட்டாது.
அவர் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். அது தெரியுமா?
தெரியாது.
சரி என்றாள். பிறகும் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.

ஹெலிகாப்டர் மூன்று நாள் சுற்றிவிட்டுப் போனது.
அறிக்கையில் அந்தத் தேதிக்கு எதிரே
0.88.

அக்டோபரில் கம்பத்தைப் பிடுங்குமுன்
கண்கள் விழித்திருக்கின்றனவா என்று
கையை வீசிப் பார்ப்பது விதி.
வடக்காக நான்கு, தெற்காக நான்கு.
சோதனை எண்களை உடனே அழித்துவிட வேண்டும்.
விரல் விறைத்திருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன்.
தெற்காக வந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

பனிவண்டியை அணைத்துவிட்டு
ரிஸ்டென் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
எத்தனை என்று அவள் கேட்கவில்லை.