எத்தனை கண்

விடியுமுன் வைகையைத் தாண்டும்போதே
வண்டியை ஓரங்கட்டி
கைப்பிடிச் சுவரில் காதை வைத்தார் தவசிலிங்கம்.
ஒரு பால்வண்டி கடந்து போனது.
"சுருதி சரியாத்தான் இருக்கு" என்றார்.
கீழே ஆறு இல்லை.
ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
ஆகாயத்தாமரையும் ஒரு வெள்ளைக் குதிரையும்.

மலைக்குப் போகிறோம் என்றுதான் சொல்லியிருந்தேன்
ஆஸ்பத்திரி லேபில்.
பாலம் பார்க்கப் போகிறேன் என்றால்
யார் லீவு தருவார்கள்?
நாளெல்லாம் நரம்பு தேடி ஊசி குத்துகிறவள் நான்.
விரிசல் தேடி டார்ச் அடிக்கிறவர் அவர்.
ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் பயணம்.
நெடுஞ்சாலைத் துறைக்காரனைக் கட்டியவளுக்குத்
தேனிலவும் நெடுஞ்சாலையில்தான்.

ஆண்டிபட்டிக் கணவாயில்
காற்று துப்பட்டாவைப் பிடுங்கிற்று.
கல்வெர்ட், கல்வெர்ட் என்று எண்ணிக்கொண்டே ஓட்டினார்.
எனக்குக் கல்வெட்டு என்றே கேட்டது.
தப்பில்லை,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் மஞ்சளில் கறுப்பாய்
ஏதோ பொறித்துத்தான் வைத்திருக்கிறார்கள்:
41/3, 42/1.
எந்த மன்னனும் உரிமை கோராத சாசனம்.

ஏழாவது கொண்டை ஊசியைத் தாண்டியதும்
அருவி ஒன்று பாலத்தின் இடுப்பில் இடித்துப் போகிறது.
கோயம்புத்தூர்க் கல்லூரிப் பிள்ளைகள்
முப்பது பேர் செல்பி எடுத்தார்கள்.
நானும் எடுத்தேன்.
படத்தில் மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது,
கீழ் ஓரத்தில்
பாறையில் கழற்றிவைத்த இரண்டு செருப்பு.
ஆளைக் காணோம்.
அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது:
"மூணு கண்ணு பூங்கொடி! ஒண்ணுல
தேன்கூடு!"

பாலத்தின் மேல் நிற்கிறவருக்குப்
பாலம் தெரிவதில்லை.
அதற்குத்தான் கண்கள் எல்லாம்
கீழே இருக்கின்றன போல.

எஸ்டேட் பக்கம் ஓர் இரும்புப் பாலம்.
எட்டு டன்னுக்கு மேல் கூடாது என்று பலகை.
அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது,
யாரும் எதுவும் சொல்லவில்லை,
எல்லோரும் இறங்கினார்கள்.
ரேஷன் பை, தூங்கும் குழந்தை,
கட்டுப்போட்ட கால் ஒன்று,
கூடைக்குள் முனகும் சேவல்,
பாலத்தை நடந்து கடந்து வந்தார்கள்.
பின்னால் டிரைவர் மட்டும் தனியாக
காலிப் பஸ்ஸை
நோயாளியைப் போல் நடத்திக் கூட்டிவந்தார்.
மறுபடி ஏறிக்கொண்டார்கள்.
விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

நடுப்பாலத்தில் நின்ற எனக்கு
உள்ளங்கால் கூசியது.
"ஆடுதுங்க."
"ஆடணும்.
ஆடாததுதான் ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போகும்."
இதை வீட்டுக்குக் கொண்டு போகாதே என்று
மனசை அதட்டினேன்.
அது கேட்கவில்லை.

இரவு மழை. அறையில் கம்பளி நாற்றம்.
நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து
கூட்டல் கணக்கு மாதிரி எழுதிக்கொண்டே இருந்தார்:
துரு, அரிப்பு, ஆலங்கன்று வேர், கம்பி வெளியே தெரிகிறது.
இது எதையும் யாரும் கேட்கவில்லை,
அவர் ஜில்லாகூட இல்லை இது.
டீ ஆறிப்போயிற்று.
என் பெயரைக் கூப்பிட்டு
பேனாவுக்கு மூடி எங்கே என்றார்.

திரும்புகையில், உசிலம்பட்டிப் பக்கம்
வெயில் சாய்ந்த நேரம்,
கடைசியாக அந்தத் தொட்டிப்பாலம்.
வண்டி போகாத, ஆள் போகாத,
தண்ணீர் மட்டும் போவதற்கென்று
கரட்டுக்கும் கரட்டுக்கும் நடுவே
வானத்தில் கட்டிய வாய்க்கால்.
கண்ணை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன்,
கழுத்து வலித்தது.
தண்ணீர் திறந்து நாலு நாளாகிறதாம்.
பாலத்து நிழல் கடலைக் காட்டைத் தாண்டிக் கிடந்தது.

சொட்டு விழுந்தது என் முழங்கையில்.
அண்ணாந்தோம்.
இரண்டு தொட்டி சேரும் இடத்தில் கருப்பாய் ஈரக்கோடு.
"கசிவு" என்று நோட்டைத் திறந்தவர்
தேதி வரைக்கும் எழுதிவிட்டார்.

அப்போதுதான் பார்த்தோம்,
தூணடியில் மூன்று செங்கல் கூட்டி
சொட்டுக்கு நேர் கீழே
பச்சைப் பிளாஸ்டிக் குடம்.
முக்கால் நிறைந்திருந்தது.
பக்கத்தில், வரிசையில், காலியாக இன்னொன்று.
எட்ட நின்ற பெண்
ஆட்டை அதட்டுவதுபோல் எங்களைப் பார்த்தாள்.
"ஆபீசருங்களா?"

தவசிலிங்கம் நோட்டை மூடினார்.
"இல்லம்மா. மலைக்குப் போயிட்டு வர்றோம்.
சும்மா, பாலம் பாக்க."

அவள் நம்பவில்லை.
குடத்தை மாற்றி வைக்கும்வரை
நின்றாள்,
நாங்களும் நின்றோம்.
வெறுங்குடத்தில் முதல் சொட்டு விழுந்த சத்தத்துக்கு
அவர் தலையை லேசாகச் சாய்த்தார்.