இன்னொரு தடவை எண்ணுங்க

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது மாடி.
கீழே லேத் பட்டறை ஓடுகிற வரை
நுண்ணோக்கியில் எதையும் எண்ண முடியாது.
தட்டில் தண்ணீர் நடுங்கும்.
புழு நெளிகிறதா, பட்டறை நெளிக்கிறதா
தெரியாது.
அதனால் மதியம் ஒன்றரைக்கு
அவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறபோது
நான் கண்ணை வைக்கிறேன்.

மண் நேற்றே வந்துவிட்டது,
ஊத்துக்கோட்டை பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்கு அடியில்.
பாதி மண் வாசம், பாதி டீசல்.
ஏழு பை. பேனாவால் எழுதியிருந்தது:
போர் பக்கம், பனைமரம், மேட்டுக்கால்…
ஒன்றில் மட்டும், சனியன்.
அனுப்பியவர் தணிகாசலம்.
அறுபது ஏக்கர் குத்தகை, அத்தனையும் கடலை,
மூன்றாம் வருஷமும் கடலை.
செங்குன்றம் எண்ணெய் மில்லில்
முன்பணம் வாங்கியாயிற்று.

மண்ணை டிஷ்யூ காகிதத்தில் முடிந்து
புனலில் வைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர்.
குழாய்த் தண்ணீர் உப்பு, நூற்புழு துவண்டுவிடும்.
கேன் தண்ணீர்தான்.
நாங்கள் குடிக்கிறதில்தான் அவையும் நீந்தின.
விடிவதற்குள் ரப்பர் குழாயின் அடியில்
கிளிப்பை முட்டிக்கொண்டு கூடியிருந்தன,
பாடி நிறுத்தத்தில் இறங்க
படிக்கட்டில் நெருக்குகிற கூட்டம் மாதிரி.

வேரும் அனுப்பியிருந்தார், ஈரச் சாக்கில் சுற்றி.
"முடிச்சு நெறைய இருக்கேன்னு
சந்தோஷப்பட்டேன் மேடம்."

கடலை வேரில் முடிச்சு இரண்டு வகை.
ஒன்று வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும்,
நகத்தால் தட்டினால் உதிரும்,
நசுக்கினால் உள்ளே ரோஜா நிறம்.
காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும்,
ஒண்டுக் குடித்தனம்தான், வாடகை பாக்கி வைக்காது.
மற்றதில் வேரே வீங்கியிருக்கும்.
கிள்ளினால் வேரோடு வரும்.
உள்ளே பெண்புழு,
பேரிக்காய் உடம்பு, பால் வெள்ளை,
முட்டைப் பையை வெளியே தள்ளிவிட்டு
இடத்தைவிட்டு நகராமல்
தின்றுகொண்டே இருக்கும்.

இலைப்புள்ளிக்கு மருந்தடித்தார்.
துருவுக்கு அடித்தார்.
தண்டழுகலுக்கு டிரைகோடெர்மா,
தொழுவுரத்தில் கலந்து, சொன்னபடியே.
மேலே தெரிந்ததற்கெல்லாம்
அவரிடம் பில் இருக்கிறது.

பனைமரம், நாற்பத்தொன்று.
போர் பக்கம், தொண்ணூறு.
சனியன், முந்நூற்றுப் பன்னிரண்டு.

போனில் சொன்னேன்.
"காளகஸ்தி போய்ப் பாம்புக்கெல்லாம்
செஞ்சிட்டு வந்தேனே மேடம்."
இது அரை மில்லிமீட்டர்கூட இல்லீங்க.
அந்தக் கணக்கில் வராது.

வேப்பம் புண்ணாக்கு போட்டால் கொஞ்சம் அடங்கும்,
கோடையில் ஆழ உழுது வெயிலில் போடுங்க,
ஆனா அடுத்த பட்டம் கடலை வேண்டாம்.
எள்ளு போடுங்க. எள்ளு வேர்
இதுக்குப் பிடிக்காது.

அந்தப் பக்கம் பம்புசெட் மட்டும் ஓடியது.
பிறகு,
"என் கடலைக்கு என்னையே
எள்ளும் தண்ணியும் எறைக்கச் சொல்றீங்க."

நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
மில்லுக்காரர் எள்ளும் வாங்குவார் என்றேன், அவசரமாக.
"முன்பணம் கடலைக்குக் குடுத்தது மேடம்.
எள்ளுக்குன்னு போனா முகத்தைப் பார்த்தே
வட்டி கேப்பான்."
கொஞ்சம் பொறுத்து,
"இன்னொரு தடவை எண்ணுங்க.
சனியனை மட்டும். நிதானமா."

லேத் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.
ஆறரைக்கு ஷட்டர் இறங்குகிற வரை
பில் போட்டேன், புனல் கழுவினேன்,
பார்த்து முடித்த மண்ணைக் கொதிக்க வைத்தேன்.
அப்படியே கொட்டினால்
மாடித் தொட்டியில் வைத்திருக்கிற தக்காளிக்குப் போய்விடும்.
பிறகு விளக்கைப் போட்டு, ஆடாத தண்ணீரில்,
கட்டம் கட்டமாக,
விரலால் எண்ணும் பொத்தானை அமுக்கி
எண்ணினேன்.

முந்நூற்றுப் பத்தொன்பது.

ரிப்போர்ட்டில் மதியத்துக் கணக்கையே எழுதினேன்.
ஏழு புழு
அவருக்குத் தள்ளுபடி.