பயனிலை

வெர்மான்ட் பனிக்குன்றின் மேல்
நானூறு பெண்கள் படிக்கும் கல்லூரி.
தத்துவ வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர்,
ஒரு நீள்வட்ட மேசை,
அவ்வப்போது இருமும் வெந்நீர்க் குழாய்.

மூன்றாம் வாரம்தான் டெல்ஃபா ரூக் வாய் திறந்தாள்.
பால்பண்ணைக்காரர் மகள்,
நான்கு அண்ணன்களுக்குப் பின் பிறந்தவள்.
“நீதி இருந்தால், பசித்த ஒருத்தி…”
நிறுத்தினாள்.
யாராவது குறுக்கிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் குறுக்கிடவில்லை.

பேராசிரியை ஆஸ்ட்வுட் பேனா மூடியைக் கழற்றி
மறுபடி மாட்டினார்.
இங்ரித் கையுறையில் நூல் பிரித்தாள்.
குழாய் ஒருமுறை இருமியது.

அவள் காதுமடல் சிவந்து
எதையோ நாங்கள் பறித்துக்கொண்டதுபோல் பார்த்தாள்.
பதினெட்டு வருடமும் அவள் வாக்கியங்களை
வேறு யாரோதான் முடித்திருக்கிறார்கள்.
பயனிலையை எங்கே வைப்பதென்று
கைக்குத் தெரியவில்லை.

மணி அடித்தது. கோட்டு மாட்டிக் கலைந்தோம்.

இரவு இரண்டு மணி, அடித்தள சலவை அறை.
என் துணிகள் சுழலும் இயந்திரத்தின் மேல்
ஏறி உட்கார்ந்தாள், ஒற்றைக் காலுறையோடு.
“கேட்பாள்” என்றாள்.
அதிர்வில் குரல் நடுங்க,
“கேட்பாள். கெஞ்சமாட்டாள்.
ஏனென்றால்…”

இயந்திரத்தில் இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.
சோப்புத்தூள் டப்பாவை நகர்த்திவிட்டு
நானும் ஏறி உட்கார்ந்தேன்.