எர்த் கம்பி

ஜனவரியில் வினிபெக்கில் நுளம்பு கிடையாது.
ஆனாலும் கட்டிலைச் சுற்றி வலை கட்டினேன்.
வெள்ளி நூல் ஓடிய வலை,
மீட்டர் நாற்பத்தெட்டு டொலர்,
கோணலாய் வெட்டினால் இழை பிரியும் என்று
கத்தரிக்கோலை அவளே பிடித்தாள்.

அதற்கு முந்திய கிழமை பெயின்ட்.
கரித்தூள் கலந்தது.
நான்கு சுவர், கூரை, கதவின் பின்புறம்.
அறை சட்டியின் அடியைப் போலாகிவிட்டது.
மேலே இரண்டு பூச்சு வெள்ளை அடித்தோம்,
வருகிறவர்கள் கேட்கக் கூடாதென்று.
வருகிறவர்கள் என்று இப்போது யாரும் இல்லை.
என் நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது.

நான் உரிமம் பெற்ற மின்வேலைக்காரன்.
இருபத்திரண்டு வருடமாய்
இந்த ஊரின் நிலவறைகளில் கம்பி இழுக்கிறேன்.
எது சுடும், எது கொல்லும்,
எது தன்பாட்டில் கிடக்கும் என்று தெரியும்.
பக்கத்து வீட்டு வைஃபை தன்பாட்டில் கிடக்கும் சாதி.
இதைச் சுகிர்தாவிடம் ஒருமுறை சொன்னேன்.
ஒருமுறைதான்.

அவளுக்கு முதலில் நெற்றி.
பிறகு பல்லின் வேர்.
பிறகு தோலுக்குள்ளே எறும்பு.
பஸ்ஸில் நாலு பேர் போனை எடுத்தால்
அடுத்த தரிப்பில் இறங்கி
மைனஸ் இருபத்தேழில் நடந்து வருவாள்.
மூன்று வைத்தியர், ஒரு ஸ்கேன்.
எல்லாம் நோர்மல் என்ற தாளைக்
குற்றப்பத்திரிகை போல் நாலாய் மடித்துக்
கைப்பைக்குள் வைத்தாள்.

வேலை முடிந்த அன்று
அறை நடுவில் நின்று போனைப் பார்த்தேன்.
முன்பெல்லாம் பதினொரு பெயர் வரும்,
கோவல்சுக் வீடு, மூன்றாம் மாடி,
யாரோ ஒருவரின் நாயின் பெயர்.
இப்போது ஒன்று, அதுவும் தள்ளாடிக்கொண்டு.
அவள் சிரித்தாள். நானும்.
வேலை துப்புரவாய் அமைந்தால் எனக்குச் சந்தோஷம் வந்துவிடும்,
எதற்கான வேலை என்றாலும்.

பெப்ரவரியில் அதைச் செய்தேன்.

அவள் வலைக்குள் போன பிறகு
நிலவறைக்கு இறங்கி
பழைய சாமான் பெட்டியிலிருந்து ரவுட்டரை எடுத்து
அவள் கட்டிலுக்கு நேர் கீழே
ஏணியில் வைத்துச் செருகினேன்.
தரைக்கு நாங்கள் பெயின்ட் அடிக்கவில்லை.

மூன்று இரவு.
அவள் மூச்சு சீராய் வந்தது.
காலையில் பிட்டு அவித்தாள்,
நல்ல நித்திரை என்றாள்.
நான்காம் நாள் அதைக் கழற்றி
வேலைத்தளத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.
வென்றவனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மார்ச். கூரைப் பனி உருகிச் சொட்டுகிற இரவு.
வலைக்குள் என்னையும் கூப்பிட்டாள்.
போனை வெளியில் வைத்து,
குனிந்து நுழைந்தேன்.
உள்ளே இரண்டு பேருக்குக் காணாத இடம்,
முழங்கை முட்டியது.

"அந்த மூண்டு இரவும் நான் நித்திரை கொள்ளேல்லை.
பாத்ரூமுக்குப் போகேக்க
படிக்கதவுக்குக் கீழால பச்சை வெளிச்சம் கண்டனான்.
சோதிக்கிறியள் எண்டு விளங்கிச்சு.
உங்களுக்கும் ஒரு விடை வேணும்தானே எண்டு
கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன்."

தலை இடித்ததா என்று கேட்டேன்.
இடித்தது என்றாள்.
அலையால் இடித்ததா,
பச்சையைக் கண்டதால் இடித்ததா,
பக்கத்தில் படுத்திருந்தவன் ஏமாற்றியதால் இடித்ததா?
என் கருவிப்பெட்டியில் அதை அளக்க ஒன்றுமில்லை.

சுவர்ப் பூச்சிலிருந்து ஒரு செப்புப் பட்டை
ஜன்னல் சட்டத்தோடு இறங்கி
பனிக்குக் கீழே, உறைந்த மண்ணுக்கும் கீழே
எட்டடிக் கோலில் போய் முடிகிறது.
அதை மூன்று தரம் சோதித்தவன் நான்.

"நம்புறியளோ?"

"எர்த் ஒழுங்காக் குடுத்திருக்கிறன்" என்றேன்.

வெளியே சொட்டுச் சொட்டாய்க் கூரை.
வெகுநேரம் கழித்து,
நித்திரை என்று நான் நினைத்த பிறகு,
"அடுத்த கிழமை தரைக்கும் அடிப்பம்" என்றாள்.

பன்னிரண்டு அடிக்குப் பத்தடி.
இரண்டு லீட்டர் போதும்.