எடைக்காரி

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில்
பதினாறு வருஷமாகத் தராசு பார்க்கிறேன்.
புகையடித்த ஷீட்டின் வாசம்
சேலையில், தலைமுடியில், கொண்டுபோகும் சோற்றில்.
ஈர ஷீட்டைக் காய்ந்ததென்று கொண்டுவருபவனைத்
தொட்டதும் பிடித்துவிடுவேன்.
"பெல்சியக்காவ ஏய்க்க ஒக்காது" என்பார்கள்.

ஆஸ்பத்திரித் தராசின் முள்
நூற்றிருபதில் முட்டி நின்றுவிட்டது.
அன்று கடை அடைத்த பிறகு
ஷட்டரைப் பாதி இறக்கி
ஷீட் அடுக்கும் தட்டில் நானே ஏறினேன்.
நூற்று முப்பத்திநாலு கிலோ, நானூறு கிராம்.
பழக்கதோஷத்தில்
அன்றைய விலையால் பெருக்கியும் பார்த்தேன்.

முடிவெடுத்தது அன்றல்ல.
பொன்மனை ஏற்றத்தில்
ரெஜினின் ஸ்கூட்டர் பாதியில் திணறும்.
சொல்லாமலே இறங்குவேன்.
சொல்லாமலே அவர் மேலே போய் நிற்பார்.
நான் மூச்சிரைத்து வந்து சேரும்வரை
திரும்பிப் பார்க்கமாட்டார்,
யாருடையதோ தோட்டத்தில்
மரங்களை எண்ணுவதுபோல நிற்பார்.
அந்த மரியாதையைத்தான்
என்னால் தாங்க முடியவில்லை.

"வாயக் கட்டினா போராதா?" என்றாள் நாத்தனார்.
கட்டியிருக்கிறேன், பதினோரு முறை.
கொள்ளு, சீரகத் தண்ணி, பேலியோ,
ஒரு தவக்காலம் முழுக்க ஒருவேளைக் கஞ்சி.
ஒவ்வொரு முறையும்
கட்டியதைவிடக் கூடுதலாக அவிழ்ந்தது.

நாகர்கோவிலில் டாக்டர்
ரசீதின் பின்பக்கம் படம் வரைந்தார்.
இது இரைப்பை. இதில் முக்காலுக்கு மேல் எடுத்துவிடுவோம்.
மீதி ஒரு வாழைப்பழம் அளவு இருக்கும்.
"எந்தப் பழம்?" என்று கேட்டேன்.
அவர் மதுரைக்காரர், சிரித்தார்.
மட்டியா ஏத்தனா என்பது
எங்கள் பக்கம் சிரிக்கிற விஷயமில்லை.

சீட்டுப் பணம் போயிற்று. ரெண்டு வளையல் போயிற்று.

விழித்தபோது வலித்தது வயிறல்ல, தோள்.
உள்ளே அடைத்த காற்று வழி தேடுகிறதாம்.
"நடங்க, நடங்க" என்றாள் திங்கள்சந்தைக்கார நர்ஸ்.
டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடந்தபடி கேட்டேன்,
எடுத்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள்?
"டெஸ்டுக்குப் போச்சு அக்கா.
பொறவு மஞ்சக் கவர்ல போவும்."

மஞ்சள் கவரே,
பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று
மூன்றாகப் பிய்த்து நான் மட்டும் தின்ற ரசவடை
உனக்குள் இருக்கிறது.
வயிற்றில் பிள்ளை நிற்காமல் போன வருஷம்
ராத்திரி ரெண்டு மணிக்கு, விளக்குப் போடாமல்,
சட்டியோடு தின்ற மரச்சீனியும்.
எடை போடாமல் கொடுத்துவிட்டேன்,
வாழ்க்கையில் முதல்தடவை.

முப்பது மில்லி. பதினைந்து நிமிஷம்.
மறுபடி முப்பது மில்லி.
மருந்து மூடியில் பருப்புத் தண்ணீர்.
விடியற்காலை பால்வெட்டிய மரத்தில்
சிரட்டை நிறைய எவ்வளவு நேரமாகும் என்று
இப்போது தெரிகிறது.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டில் சாளை பொரித்தார்கள்.
அழுதேன்.
பசித்திருந்தால் அழுதிருக்கமாட்டேன்.
பசி குடிபோன வீட்டில்
நாக்கு மட்டும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாதம் முடி கைகொள்ள வந்தது.
சர்ச் ஹாலில் ஒரு கல்யாணம்,
இடியாப்பம் ஒரு வாய் கூடிப்போய்
வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"சீக்கா மக்ளே, மொகம் வத்திப் போச்சே"
என்று முதுகைத் தடவியவள்தான்
போன வருஷம் இதே ஹாலில்
"பெல்சிக்கி ஒரு தனிப் பந்தி" என்றவள்.
அன்றைக்கும் நான் சிரித்தேன். இன்றைக்கும்.

நாற்பத்தொரு கிலோ குறைந்திருக்கிறது.
பத்து மூட்டையில் ஒரு மூட்டை திருட்டுப்போனாற்போல
சில நாள் கணக்கு இடிக்கிறது,
கண்ணாடி முன்னால் நின்று
வந்தவளிடம் ரசீது கேட்கிறேன்.

நேற்று பொன்மனை ஏற்றம்.
ஸ்கூட்டர் திணறவில்லை,
ஆனாலும் "நிறுத்துங்க" என்று இறங்கிவிட்டேன்.
அவரும் வழக்கம்போல் மேலே போய்,
மரங்களைப் பார்த்து நின்றவர்,
என்ன நினைத்தாரோ, திரும்பினார்.
"எதுக்குடி எறங்கினே?"
"தெரியல்ல" என்றேன்.
பையில் ஒரு மட்டிப்பழம் இருந்தது.
அதில் பாதி போதும் எனக்கு.
உரித்துக்கொண்டே ஏறினேன்.