தட்டின் எடை

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு லீவில்
மூன்றே வாரத்தில்
ஒன்பது கிலோ இறங்கினேன்.
"என்னடி சாப்பிடுற நிரோஷினி?"
பாசம் பாதி பொறாமை பாதியாக
ஆஷிகா கேட்டாள்.
தண்ணி, என்றேன்.
பொய்யில்லை.
ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து
சொம்பு சொம்பாகக் குடித்தேன்.
சுடிதாரைப் பிடித்துத் தைத்த டெய்லர்
"இப்பதான் அளவா இருக்கே" என்றார்.
அந்த ஒரு வாக்கியத்தை
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்
கட்டில்வரை கொண்டுபோனேன்.

மீட்டரில் எண் வரவில்லை.
ஹெச், ஐ.
இரண்டே எழுத்து,
யாரோ ஹாய் சொல்வதுபோல.

பிறகு இன்சுலின்.
உயிரைத் திருப்பித் தந்தது,
கிலோக்களையும்.
போனது ஒன்பது, வந்தது பதினொன்று,
வட்டியோடு.
அதே டெய்லர் தையலைப் பிரித்தார்.
இந்தமுறை
ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனம் போதும்.
பதினொன்றாம் வகுப்பில்
ஊசியோடு நான் பேரம் பேசினேன்.
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் காலை
முதுநகர் போகும் பஸ்ஸில்
அழுகிய பழ வாசனை.
சுற்றிலும் பார்த்தேன்.
கூடையில்லை, பழக்காரி இல்லை.
ஜன்னலோரம் நான்தான்.
மூச்சும் என்னுடையதுதான்.

பள்ளிக்கூடம் தாண்டி
துறைமுகத்தில் இறங்கினேன்.
அம்மா நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தாள்.
ஒரு வாடிக்கைக்கும் அடுத்த வாடிக்கைக்கும் நடுவில்
சொல்லிவிட்டேன்.
கத்துவாள் என்று நினைத்தேன்.
கூடையைப் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவிட்டு
செதில் ஒட்டிய கையாலேயே
ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள்.

வார்டில் இரண்டு ராத்திரி.
மூன்றாம் நாள் வந்த பெனாசிர் மேடம்
என் எடையைக் கேட்கவில்லை.
நோட்டைக் கேட்டார்.
"வாரத்துக்கு எத்தனை தடவை
கை நடுங்குது, வேர்க்குது?"
ஐந்து. ஆறு.
"அப்ப என்ன சாப்பிடுற?"
கையில் கிடைப்பதெல்லாம்.
பிஸ்கட், ஜூஸ், மறுபடி பிஸ்கட்.
அதற்கு மறுபடி ஊசி.
அதற்கு மறுபடி நடுக்கம்.

எனக்கு வாய் அடங்காது என்றுதான்
இரண்டு வருடம் நம்பியிருந்தேன்.
பேராசை இல்லையாம்.
கணக்குப் பிழையாம்.

டாக்டர் ஊசியின் அளவைத் திருத்தினார்.
ஒருவேளையும் விடக்கூடாது என்பதை மட்டும்
திருத்தவில்லை.
சோறு இருந்தது. மீன் குழம்பு இருந்தது.
கரண்டிதான் புதிதாக வந்தது,
எத்தனை கரண்டி என்று
நானே எண்ணும்படி.

இப்போது சாயங்காலம்
தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறேன்.
கிளம்புமுன் விரலில் ஒரு குத்து.
எண் தாழ்ந்திருந்தால்
சாப்பிட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவது.
பாக்கெட்டில் குளுக்கோஸ் மாத்திரை.
போன வாரம் ஆஷிகா அதைச் சாக்லேட் என்று
இரண்டு தின்றுவிட்டாள்.
கன்னாபின்னாவென்று திட்டினேன்.

எடை குறைகிறதா?
மெதுவாக.
சில மாதம் இல்லவே இல்லை.
அந்த மாதங்களில் கண்ணாடி இன்னும்
அந்த டெய்லரின் பேச்சைத்தான் பேசுகிறது.
பொய் சொல்லமாட்டேன்.

நேற்று துறைமுகத்தில்
பெட்டி நிறுக்கும் பெரிய தராசு
சும்மா கிடந்தது.
ஏறினேன்.
"இரு, பெட்டி எடையக் கழிக்கணும்"
என்று பொத்தானுக்குக் கையை நீட்டிய அம்மா
பாதியில் நிறுத்தினாள்.
எங்கே பெட்டி?

பையில் பென் இருந்தது, மீட்டர் இருந்தது,
ஐஸ் கம்பெனியிலிருந்து அப்பா கொண்டுவந்த
சின்னத் தெர்மாகோல் டப்பா,
உள்ளே ஐஸ் நேராகப் படாதபடி
துணியில் சுற்றிய மருந்து.
எல்லாம் சேர்த்துத்தான் நின்றேன்.

எண் வந்தது.
சொல்லமாட்டேன்.
"ஏம்மா, இறங்கு"
பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.
இறங்கினேன்.
அடுத்து, தலை தொங்க,
ஒரு வஞ்சிரம் ஏறியது.